எடை ஏறாத குழந்தையும் கல்லீரல் சோதனையும்

குறைவின்றிப் பால் குடித்தும் பச்சிளங் குழந்தையின் எடை ஏறவில்லையெனில், கண்ணூறு பட்டுவிட்டது என்றோ, தாய்ப்பாலில் சத்தில்லை என்றோ வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். பழி எப்போதும் தாயின் மீதே! கல்லீரலை எவரும் நினைப்பதில்லை.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலை வந்தடைந்தால்தான் பாலிலுள்ள கொழுப்பு நன்கு செரித்து உடலில் சேரும். சில குழந்தைகளுக்குப் பித்தக் குழாய்கள் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். தொடக்கத்தில் குழந்தை கொழுகொழுவென்றே காணப்படும். அதுவே நம்மை ஏமாற்றிவிடும். மஞ்சள் மட்டும் நீங்காது. மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலாகும். சிறுநீர் துணியில் மஞ்சட்கறை படியச் செய்யும். பின்னர் எடையும் நின்றுவிடும்.

இந்நிலையில் மருத்துவர் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எனும் நொதிகளை இரத்தத்தில் அளக்கச் சொல்வார். கல்லீரல் அணுக்கள் சிதையும்போது இவை மிகும். தசை நோயிலும் மிகும்; நலமான கைக்குழந்தைக்கும் பெரியோரைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே இவ்வெண்களை மட்டும் கண்டு அஞ்சவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம். பித்தத் தேக்கத்தை உணர்த்துவது நேரடி பிலிரூபின் அளவேயாகும். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தால் அதனை அளந்தே ஆகவேண்டும்.

ஏன் இந்த அவசரம்? குடலைக் கல்லீரலோடு இணைத்துப் பித்தத்திற்கு வழி அமைக்கும் அறுவைச் சிகிச்சையை ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் உருவாக்கினார். குழந்தைக்கு 60 நாள் நிறைவதற்குள் செய்தால் பலன் மிகுதி. தாமதித்தால் கல்லீரல் இறுகி, மாற்றுக் கல்லீரல் பொருத்தும் நிலை நேரும். தைவானில் 2004 முதல் நாடெங்கும் மல நிற அட்டை தாய்மார்களிடம் தரப்படுகிறது. அட்டை இல்லாத வீட்டில், துணி மாற்றும் தாயின் கண்தான் அட்டை. வெளுத்த மலத்தைக் கண்டால் அத்துணியுடனேயே மருத்துவரிடம் செல்லுங்கள்.