வண்ணமும் வழிபாட்டிடமும்

சென்னைப் பட்டணத்தின் பழைய மதிலில் இருந்த வாயிலொன்றின் பெயரை இன்றும் தாங்கி நிற்பது யானைக்கவுனி. அதன் சுற்றுப்புறத் தெருக்களில் செல்வோர் பல நிறச் சுதைச் சிற்பங்கள் நிறைந்த கோபுரங்களையும், வெண்மை பூசிய நம் ஆலயங்களையும் காண்கின்றனர். வண்ணம் பிற சமயத்தார்க்குரியது, வெண்மையே தூய வழிபாட்டிற்குரியது என்னும் எண்ணம் இதனால் நம்மிடையே எளிதில் வேரூன்றுகிறது. இவ்வெண்ணம் வரலாற்றிற்கு ஒத்ததா என ஆராய்தல் தகும்.

வெண்பளிங்கே கிரேக்கக் கலையின் இயல்பு என ஐரோப்பியர் நெடுங்காலம் கருதினர். 1764இல் கலை வரலாறு எழுதிய விங்கெல்மன் இக்கருத்திற்கு வலுவூட்டினார். பார்த்தினான் சிற்பங்களை மேலும் வெண்மையாக்க விரும்பி, 1937–38இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றைச் சுரண்டித் தேய்த்தனர். ஆனால் 2009இல், அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவுசெய்யும் கருவியினால் அச்சிற்பங்களில் எகிப்திய நீலம் கண்டறியப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத நிறத்துகளும் அக்கருவியில் ஒளிர்ந்தன. ஆகவே, வெண்மை என்பது காலம் செய்த வேலையேயன்றிச் சிற்பியின் கருத்தன்று.

நம் நாட்டிலும் இதுவே உண்மை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் மணற்கல் மீது சுண்ணச்சாந்து பூசி வண்ணம் தீட்டியிருந்தனர்; அதன் எச்சங்கள் சுற்றுச் சிற்றாலயங்களில் இன்றும் உள. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர்கால ஓவியங்களின் கீழ்ச் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார்.

திருச்சபையின் வரலாறும் வேறன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்சு நாட்டு ஆமியேன் பேராலயத்தின் வாயிற்சிற்பங்களை 1990களில் லேசர் ஒளியால் தூய்மை செய்தபோது பழைய வண்ணங்கள் வெளிப்பட்டன. பின், ஆலயச் சுவர்கள் வெண்மையானது எவ்வாறு? 1524இல் சூரிக் நகர ஆலயங்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. சுவிங்கிலி எதிர்த்தது உருவ வணக்கத்தையே, நிறத்தையன்று. இவ்விரண்டையும் நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். யாத்திராகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசஸ்தலத்தின் திரைகளுக்கு இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் கட்டளையிடப்பட்டன அன்றோ? யானைக்கவுனியிலிருந்து நெடுந்தொலைவில்லாத எழும்பூரில், 1821இல் திறக்கப்பட்ட ஸ்காத்திய சபையின் பரிசுத்த அந்திரேயா ஆலயக் குவிமாடத்தின் உட்புறம் பொன் விண்மீன்கள் பொறித்த நீலவானமாகத் திகழ்கிறது. சீர்திருத்தச் சபையாரும் வண்ணத்தை வெறுத்தாரல்லர்.

இதனால் போதகர்கள் கவனிக்கவேண்டுவது யாது? நூற்றாண்டு விழா நெருங்கியதும் பழைய ஆலயச் சுவரைச் சுரண்டிப் புதுப்பூச்சு இடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒரு நாளில் சுரண்டப்படுவது முன்னோர் விசுவாசத்தின் சான்றாக இருக்கக்கூடும். அதை மீட்க இயலாது. ஆகையால் முதலில் ஒரு மூலையில் சிறு சதுரத்தை மட்டும் அடுக்கடுக்காக நீக்கிப் பார்த்து, ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் புகைப்படத்தோடு சபைப் பதிவேட்டில் குறித்தல் நன்று. சுண்ணச்சுவரின்மேல் ஈரத்தை அடைக்கும் செயற்கைப் பூச்சைத் தவிர்க்கவேண்டும். அடைபட்ட ஈரமும் உப்பும் காரையை உதிர்த்துவிடும். மணல் வீச்சு முறையோ, கல்லின் மேற்பரப்பையே தேய்த்துவிடும்.

வெண்மை நம் மரபுகளுள் ஒன்று. அதுவே முழு மரபன்று. சபைக் கமிட்டியார் ஏணியையும் சுரண்டுகோலையும் வருவிக்குமுன், இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பது போதகரின் கடமையாகும்.