மின்பணியாளர் பயிற்சியும் மாறும் தகுதிநிலைகளும்: ஜமுனாமரத்தூரை முன்வைத்து

திருவண்ணாமலை மாவட்டம் ஜவ்வாது மலைமீது அமைந்த ஜமுனாமரத்தூரில் பழங்குடியினருக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையம் இயங்கிவருகிறது. மலையாளிப் பழங்குடியினர் மிகுந்து வாழும் இப்பகுதியின் இளைஞர்களுக்கு, நாடு முழுமைக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட மின்தொழில் தகுதிகள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1950இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் மின்பணியாளர், கம்பியாள் ஆகிய இரண்டும் ஈராண்டுப் பிரிவுகளாகும். முன்னதற்கு அறிவியல், கணிதப் பாடங்களுடன் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும்; பின்னதற்கு எட்டாம் வகுப்பே போதும். 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டபின், மின்பணியாளர் பிரிவு ஐந்தாம் நிலையில் வைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அதனை நான்காம் நிலைக்கு இறக்கியது. பயிற்சிக்காலமோ அடிப்படைக் கல்வித்தகுதியோ குறையவில்லை.

அதே திருத்தம் ஆண்டுக்கு 1600 மணிநேரமாக இருந்த பயிற்சியை 1200ஆகக் குறைத்து, 150 மணிநேரப் பணியிடப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அதற்கு மாற்றாகக் குழுச் செயல்திட்டத்தையும் ஏற்றது. தொழிற்பேட்டைகள் சூழ்ந்த நகரங்களில் இம்மாற்று ஒரு சலுகை. தொழிற்சாலைக்குச் சமவெளி இறங்க வேண்டிய மலையூரிலோ அதுவே நடைமுறையாகிவிடக்கூடும். அவ்வாறாயின் ஒரே சான்றிதழ் இருவேறு அனுபவங்களைக் குறிக்கும். பாடத்திட்டத் திருத்தம் பற்றிய விவாதங்களில் போதிய கவனம் பெற வேண்டிய இடம் இது.

பயிற்சிச் சான்று வேறு. மின்னமைப்புப் பணிக்கான சட்டத் தகுதி வேறு. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச்சான்று உடையவரின் நேரடி மேற்பார்வையில் பணியைச் செய்விக்க வேண்டும் என்பது இந்திய மின்சார விதிகள், 1956இன் 45ஆம் விதி. பின்வந்த ஒழுங்குமுறைகளும் இக்கொள்கையையே தொடர்கின்றன.

பள்ளிக்கல்வி முற்றுப்பெறாதோருக்குத் தமிழகத்தில் ஒரு வழி உண்டு. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடத்தப்படும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகுதி இல்லை. 21 வயதும் ஒயரிங் தொழிலில் ஐந்தாண்டுச் செய்முறை அனுபவமும் வேண்டும். கைத்திறனை மதிக்கும் ஏற்பாடுதான். எனினும் கட்டட வேலைகளில் ஊர் ஊராகச் சென்று, வாய்மொழி ஏற்பாட்டில் கூலிக்கு உதவியாளராக இருந்தவர் தம் ஐந்தாண்டுகளை எழுத்தில் எவ்வாறு காட்டுவார்? தேர்வறைக்குள் கம்பி இழுத்துக் காட்டுவது அவருக்கு அரிதன்று. அவ்வறை வாயிலை அடைவதே அரிது.