கப்பல் கேட்கவில்லை, துறைமுகம் கேட்கவில்லை... சென்னை ஏர்போர்ட் கேட்கும் மஞ்சள் அட்டை!

திருச்சியில் இருந்து பெரியப்பா போன் செய்தார். "ஏம்மா, நீ பத்திரிகையில இருக்கியே... கப்பல்ல போறதுக்கு ஊசி போடணுமாமே, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்" என்றார்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் அண்ணன், அப்பா அம்மாவை அங்கே அழைத்துக்கொண்டு, அப்படியே குரூஸ் கப்பலில் பனாமா கால்வாயைக் காட்டத் திட்டமிட்டிருந்தான். பெரியப்பாவுக்கு 66 வயது, பெரியம்மாவுக்கு 63. கப்பல் பனாமாவின் கோலோன் துறைமுகத்தில் நின்று, மூன்று நாளில் ஃப்ளோரிடா திரும்பும். அடுத்த நாளே சென்னைக்கு விமானம். டிக்கெட் எல்லாம் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் டிராவல் ஏஜென்ட், "யெல்லோ ஃபீவர் ஊசி போட்டாச்சா?" என்று சாவகாசமாகக் கேட்டிருக்கிறார்.

கப்பல் நிறுவனத்திடம் கேட்டோம். இந்தப் பயணத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்றார்கள். வழியில் இறங்கும் துறைமுகங்களிலும் குரூஸ் பயணிகளிடம் கேட்பதில்லை என்றார்கள். அப்படியானால் யார்தான் கேட்கிறார்கள்? விசாரித்தால், கேட்பது நம் ஊர்தான்!

இந்தியா ஏன் இவ்வளவு கறார்?

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவும் வைரஸ் நோய். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் இருக்கிறது. இந்தியாவில் இல்லை. ஆனால், அதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு இங்கே தாராளமாக இருக்கிறது. டெங்குவைக் கொண்டுவருகிற அதே கொசுதான். நோய் நம் ஊருக்கு வந்ததே இல்லை என்பதால், நம் உடலில் அதற்கு எதிர்ப்பு சக்தியும் இல்லை. நோயோடு வரும் ஒருவரை இங்குள்ள கொசு கடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அரசின் பயம்.

அது வீண் பயமும் இல்லை. 2016-ல் ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் இருந்து சீனா திரும்பியவர்களில் 11 பேருக்கு இந்த நோய் இருந்தது தெரியவந்தது. நல்லவேளையாக, அங்கே மற்றவர்களுக்குப் பரவவில்லை.

அதனால் நம் நாட்டு விதி இப்படி இருக்கிறது: மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பி 6 நாள்களுக்குள் இந்தியா வந்து இறங்கினால், தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதிகபட்சம் 6 நாள்கள் தனிமைப்படுத்துவார்கள். 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. வைரஸ் உடலுக்குள் போய் நோய் வெளியே தெரிய 3 முதல் 6 நாள்கள் ஆகும் என்பதுதான் அந்த '6 நாள்' கணக்கு.

கப்பலுக்குத் தனி விதியும் உண்டு. அபாயப் பட்டியலில் உள்ள துறைமுகம் எதையாவது 30 நாள்களுக்குள் தொட்டுவிட்டு இந்தியா வரும் கப்பல், முறைப்படி கொசு ஒழிப்பு செய்யப்படாமல் இருந்தால், அதில் வருபவர்களுக்கும் சான்றிதழ் கட்டாயம்.

பென்குவின் பார்க்கப் போனாலும் ஊசி!

குரூஸ் பயணத்தில் சிக்கல் வருவது இங்கேதான். விமானத்தில் போனால் ஒரு நாட்டில் இறங்குகிறோம். கப்பல் ஒரே வாரத்தில் நான்கைந்து நாடுகளைத் தொடும். விளம்பரத்தில் கடலும் நீச்சல் குளமும்தான் தெரியும். எந்தெந்த நாடு என்பது சின்ன எழுத்தில் கீழே இருக்கும்.

அன்டார்டிகா போகிறவர்கள் பலர் அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்தில்தான் கப்பல் ஏறுகிறார்கள். அன்டார்டிகாவில் ஏது கொசு? ஆனால், அர்ஜென்டினா நம் அரசின் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து நேராக ஊர் திரும்பினால் சான்றிதழ் வேண்டும். கென்யாவின் மொம்பாசா, பிரேசிலின் ரியோ, கொலம்பியாவின் கார்டகேனா என்று கப்பல்கள் நிற்கும் பல ஊர்கள் இதே கணக்கில் வருகின்றன.

துறைமுகங்களின் வரிசையும் முக்கியம். செஷல்ஸ் தீவுக்கு இந்தியாவிலிருந்து நேராகப் போனால் இந்தச் சான்றிதழ் பிரச்னை இல்லை. கென்யாவைத் தொட்டுவிட்டுப் போனால், செஷல்ஸும் கேட்கும்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போய் வருகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு மஞ்சள் அட்டை தேவையில்லை. 2023 ஜூனில் தொடங்கிய சென்னை - இலங்கை குரூஸுக்கும் அப்படித்தான்.

60 வயதைத் தாண்டியவர்கள் கவனிக்க!

பெரியம்மாவின் பிரச்னைக்கு வருகிறேன். அவர் முடக்குவாதத்துக்கு, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸால் ஆனது. "இவங்களுக்கு இந்த ஊசி கூடாது" என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பெரும்பாலானவர்களுக்கு இது பாதுகாப்பான, காலம்காலமாகப் பயன்படும் தடுப்பூசி. இதை உருவாக்கிய மேக்ஸ் தைலருக்கு 1951-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனாலும், 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், இளையவர்களைவிட அதிகம். முட்டையால் கடுமையான அலர்ஜி உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், தைமஸ் சுரப்பியில் பிரச்னை உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகப் போடுவதில்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

போட முடியாதவர்கள் டாக்டரிடம் விலக்குச் சான்று வாங்கலாம். ஆனால், அதை வைத்துக்கொண்டு நிச்சயம் வெளியே விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. இறங்கும் இடத்தில் இருக்கும் சுகாதார அதிகாரிதான் முடிவு செய்வார்.

அறுபதாம் கல்யாணப் பரிசாக, ரிட்டயர்மென்ட் பரிசாக அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்பும் பிள்ளைகள் இப்போது அதிகம். பணம் கட்டுவதற்கு முன்பு அவர்களை டாக்டரிடம் அழைத்துப்போவதும் அந்தப் பரிசில் சேர்த்திதான்.

எங்கே, எப்போது போடுவது?

* அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால் மட்டுமே செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டுவிட்டுப் போங்கள்.

* ஒரிஜினல் பாஸ்போர்ட் அவசியம். மஞ்சள் அட்டையில் எழுதும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும்.

* ஊசி போட்டு 10 நாள்கள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை.

* ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலை 11 முதல் இதுதான் விதி. '10 வருடம்' என்று எழுதிய பழைய அட்டை இருந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள், அதுவும் செல்லும்.

* அட்டையைப் பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடாதீர்கள். பாஸ்போர்ட்டோடு கையில் இருக்கட்டும்.

மற்ற ஊசிகள்?

கட்டாயம் இல்லாவிட்டாலும் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 2019-ல் ஒருவருக்குத் தட்டம்மை என்பதற்காக, செயிண்ட் லூசியா தீவில் கப்பலில் இருந்த யாரையும் கரையில் இறங்க விடவில்லை. 2020-ல் ஜப்பானின் யோகோஹாமாவில் நின்ற டயமண்ட் பிரின்சஸ் கப்பலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்கு கொரோனா வந்தது. ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே லிஃப்ட் என்று இருக்கும் இடத்தில் நோய் வேகமாகத்தான் பரவும்.

ஆகவே புக் செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். கப்பல் நிறுவனம் என்ன கேட்கிறது? இறங்கும் ஒவ்வொரு நாடும் என்ன கேட்கிறது? திரும்பி வரும்போது இந்தியா என்ன கேட்கும்? விதிகள் மாறக்கூடியவை என்பதால், கிளம்புவதற்கு முன் இன்னொரு முறையும் கேட்டுவிடுங்கள்.

சரி, பெரியம்மா என்ன ஆனார்? கப்பல் எங்கெல்லாம் நிற்கும், காட்டுப் பக்கம் போகும் திட்டம் இருக்கிறதா என்று டாக்டர் விவரமாகக் கேட்டார். கோலோனில் கரைக்கு இறங்காமல் கப்பலிலேயே இருந்து கால்வாயைப் பார்ப்பது, கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது என்று பேசி முடிவானது. அண்ணன் சென்னை டிக்கெட்டைப் பத்து நாள் தள்ளிப்போட்டான். பனாமாவை விட்டு 6 நாள் தாண்டிய பிறகு ஊர் வந்தால் சான்றிதழ் சிக்கல் இல்லை. தேதி மாற்றக் கட்டணமாகக் கொஞ்சம் பணம் போனது.

"போனாப் போகுது. பேரனோட பத்து நாள் கூட இருக்கலாம்ல!" என்கிறார் பெரியம்மா.