மாடியில் துணி காய்கிறதா?

பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குப் போனால் நான் நடந்தேதான் சுற்றுவேன். மகாமாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவான் யின் கோயில் எல்லாம் சில நிமிட நடைதான். வெயிலோ மழையோ, கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை நம்மைக் காக்கும். இந்த வசதியை நம்பித்தான் பழைய கடைவீடுகள் பல, சில அறைகளே கொண்ட பூட்டிக் தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன.

இதில் நன்மை உண்டு. லெபோ லீத்தில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகை சிதைந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 2000-இல் யுனெஸ்கோ விருது பெற்றது. இன்று அதுவும் ஒரு விடுதி.

கட்டடம் பிழைத்தால் மட்டும் போதுமா? 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999 இறுதியில் முடிந்தது. வாடகை உயர்ந்ததால் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. 2008-இல் நகரம் உலகப் பாரம்பரியத் தளமானதும் முதலீட்டாளர்களின் கவனம் கூடியது.

கீழே தொழில், மேலே குடும்பம், அதுதான் கடைவீடு. தையல்காரரும் பூக்கடைக்காரரும் போய்விட்டால், நடந்து பார்க்க அங்கே என்ன மிஞ்சும்?

மாணவர்களே, அடுத்த முறை அங்கு நடக்கும்போது எத்தனை மாடிகளில் துணி காய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சுற்றுலாவோ கட்டடக்கலையோ படிக்கப் போகிறவர்கள், விடுதிக்கும் குடும்பத்துக்கும் ஒரே தெருவில் இடம் இருக்க வழி தேடுங்கள்.