பழைய லேப்டாப்பும் பழைய பாக்கியும்



பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. கம்ப்யூட்டரைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு கணக்கு விஷயத்தில் பட்ட அனுபவம்தான் தகுதி. நம் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நம் பழைய வாடிக்கையாளரின் மகன். தகப்பனார் காலமாகி ஓராண்டு ஆகிறது. "அப்பா நோட்டில் உங்களுக்கு ரூ.38,400 பாக்கி என்று இருக்கிறது அண்ணாச்சி. 2011-ஆம் வருஷத்துக் கணக்கு. கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார்.

மூன்று ஆண்டு கடந்த பாக்கிக்கு வழக்குப் போட முடியாது என்பது நாம் அறிந்ததே. அந்தப் பிள்ளை வராமலே இருந்திருக்கலாம். என் ஞாபகத்திலும் பாக்கி இருப்பதாகத்தான் பட்டது. ஆனால் பேரேட்டைப் பார்க்காமல் பணம் வாங்குவது நம் கடை வழக்கமல்ல. "பத்து நாள் பொறுங்கள் தம்பி" என்று காப்பி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

பேரேடு இருந்தது 2006-இல் வாங்கிய லேப்டாப்பில். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடியது. எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்தியதும், புதுக் கம்ப்யூட்டருக்கு மாறி இதைப் பரணில் போட்டோம். இப்போது எடுத்துப் பொத்தானை அமுக்கினால் விண்டோஸ் படம் வரை வந்து நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவர் ஒருவர், எடைக்குப் போடுங்கள் என்றார். என் மைத்துனர் மகன்தான், "மாமா, லினக்ஸ் போட்டுப் பார்ப்போம்" என்றான்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஓர் இயக்க மென்பொருள். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உரிமக் கட்டணம் இல்லை. பழைய, சக்தி குறைந்த பொறிகளுக்கென்றே இலேசான வகைகளும் அதில் உண்டு.

எல்லா வாசலும் அடைப்பு

புதிதாக ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டுமானால், பொறி தொடங்கும்போதே அதை வெளியிலிருந்து உள்ளே விட ஒரு வாசல் வேண்டும். எஃப் 2 பொத்தானை அமுக்கி 'பயாஸ்' என்ற ஆரம்ப அமைப்பைத் திறந்து பார்த்தோம். ஹார்டு டிஸ்க், சி.டி., ஃபிளாப்பி, நெட்வொர்க் என்று நான்கே வாசல். சி.டி. டிரைவ் தட்டைச் சுழற்றுகிறதே தவிரப் படிப்பதில்லை. ஃபிளாப்பி டிரைவே கிடையாது. இன்று எல்லோரும் பயன்படுத்தும் பென் டிரைவ் வாசல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சி.டி. டிரைவ் நன்றாக இருந்தால், 'பிளாப்' என்ற சிறிய தொடக்க மென்பொருளைச் சி.டி.யில் பதிந்து, அதன் வழியாகப் பென் டிரைவைத் திறக்கலாமாம். எங்களுக்கு அதுவும் இல்லை.

மிஞ்சியது நெட்வொர்க். கேபிளால் இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைத்து, அங்கிருந்து ஃபைல்களை அனுப்பித் தொடங்க வைப்பது. அதற்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். தெரிந்தவர்களுக்கு நல்ல வழி. எங்களுக்கு இரண்டு இரவு போனதுதான் மிச்சம்.

மூட்டையைக் கழற்றி எடுத்த வழி

வாசல் வழியாகச் சரக்கு போகாவிட்டால், அறையையே வெளியே எடுத்தால் என்ன? மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, அடியில் உள்ள திருகுகளை எடுத்தால் ஹார்டு டிஸ்க் கையோடு வந்துவிடுகிறது. அது பழைய ஐ.டி.இ. வகை, ஊசி ஊசியாக 44 முனை. ஒன்று வளைந்தாலும் வம்பு. அதற்கான யு.எஸ்.பி. அடாப்டரை மாட்டி, வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தோம். முதல் வேலையாகப் பழைய ஃபைல்கள் அனைத்தையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம்.

"ஏடு கிடைத்துவிட்டதே, இனி இது எதற்கு?" என்றான் மகன். குடோனில் இருப்புக் கணக்கு எழுத ஒரு பொறி வேண்டியிருந்தது. அதனால் மேலே போனோம்.

தெரிந்தவர் கடையில் ஒரு பழைய மேஜைக் கம்ப்யூட்டர். அதன் சொந்த டிஸ்க்கை முதலில் கழற்றி வைத்தோம். தவறி அதன்மேல் லினக்ஸை ஏற்றினால் அவர் கணக்கு போய்விடும். பிறகு பென் டிரைவிலிருந்து ஆன்டிஎக்ஸ் என்ற இலேசான லினக்ஸில் 32 பிட் வகையைத் தொடங்கி, எங்கள் டிஸ்க்கில் ஏற்றினோம். டிஸ்க்கின் தலைப்பில் எழுதவேண்டிய தொடக்கப் பகுதியும் அதே டிஸ்க்கில்தானா என்று பார்த்துக்கொண்டோம். திரும்ப லேப்டாப்பில் மாட்டியதும் லினக்ஸ் தானாகவே புது இடத்தை அடையாளம் கண்டு ஓடியது. மெமரியை மட்டும் 512 எம்.பி.யிலிருந்து 1 ஜி.பி.யாக்கினோம்.

எழுத்து மாறிய பேரேடு

எக்செல் ஏடுகளை லிப்ரே ஆபீஸ் திறந்தது. தொகை எல்லாம் சரி. பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகப் புரியாத கூட்டமாய்த் தெரிந்தன. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் நம் கணக்குப்பிள்ளை அடித்தவை அவை. பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் பகுதியிலிருந்து அந்த எழுத்துருவை எடுத்துப் போட்டதும் ஒவ்வொரு பெயராகத் தமிழில் மலர்ந்தது.

அந்தப் பெயரும் இருந்தது. 2012 பங்குனியில் இரண்டு தவணையாக ரொக்க வரவு. பாக்கி சுழி. பெரியவர் தம் நோட்டில் வரவு வைக்க மறந்திருக்கிறார், நானும் மறந்திருக்கிறேன். ஏடு மறக்கவில்லை.

மகனை வரவழைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பூட்டிக் கிடக்கும் கடையைத் திறக்கப் போவதாகச் சொல்லி, கொண்டுவந்த பணத்துக்குத் துவரம் பருப்பும் உளுந்தும் போட்டுக்கொண்டு போனார்.

உறுப்பினர்கள் கவனத்திற்கு

1. முதலில் நகல், பிறகுதான் லினக்ஸ். ஏற்றும்போது டிஸ்க்கில் உள்ளது அழியும்.

2. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். பொறி பழுதானது என்பது பதிலாகாது.

3. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னால் போகும். வரவு தப்பான தேதியில் ஏறும். மாற்றிவிடுங்கள்.

4. இத்தகைய பொறியில் வங்கி வேலை வேண்டாம். ஃபயர்பாக்ஸ்கூட 2025-இல் 144-ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது. இருப்பு, பேரேடு, கடிதம் இவற்றுக்குப் போதும்.

5. நீங்கள் பயன்படுத்தும் பில்லிங் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமானதா என்று கேட்டுவிட்டு மாறுங்கள்.

வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுமுன், யாருடைய கணக்கு அதற்குள் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.