செம்புக்கு எல்லை நூறு மீட்டர்

காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், 1902 சூன் திங்களில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்து சுரங்கப் பொறிகளை இயக்கிற்று. அந்நாளில் அஃது அருஞ்செயல். அதனை இயலச் செய்த நெறியோ எளியது. அதே மின்திறனை அனுப்புகையில் மின்னழுத்தத்தை உயர்த்தினால் மின்னோட்டம் குறையும். ஓட்டம் குறையவே கம்பியில் வெப்பமாய் வீணாகும் ஆற்றலும் குறையும்.

இன்று அத்தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் தரவு வடம் வாங்க நிற்போர்க்கு அந்நெறி கைகொடாது. நொடிதோறும் மிகுதியான தரவு செல்ல உயர்ந்த அலைவெண் வேண்டும். அலைவெண் ஏற ஏற, மின்னோட்டம் செம்பின் உள்ளகத்தை விட்டு மேற்பரப்பை ஒட்டியே ஓடும். சூழ்ந்துள்ள காப்புறையும் தன் பங்குக்கு ஆற்றலை உறிஞ்சும். 'கேட் 6' என்னும் வகைக் கணினி வலைப்பின்னல் வடத்தில் 250 மெகாஹெர்ட்சு அலை நூறு மீட்டர் சென்று சேர்கையில், புறப்பட்ட ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை. அந்த எச்சத்தையும் பிரித்தறிய முடிவதற்கு, கம்பிகளை இணை இணையாய் முறுக்கியிருப்பதே பெருந்துணை. புறத்திலிருந்து வரும் இரைச்சல் இரு கம்பிகளிலும் ஒப்பப் படிவதால், வேறுபாட்டை மட்டும் அளக்கும் கருவியில் அது நீங்கிவிடுகிறது.

எனவே விரைவோடு தொலைவையும் சேர்த்தே எண்ணி வடம் தேர வேண்டும். நொடிக்கு 1 ஜிகாபிட் போதுமெனில் 'கேட் 5இ' நூறு மீட்டர் வரை தாங்கும். 10 ஜிகாபிட்டுக்கு 'கேட் 6' 55 மீட்டர் வரையே உதவும். நூறு மீட்டருக்குக் 'கேட் 6ஏ' வேண்டும்.

யூஎஸ்பி-சி வடங்களில் மக்கள் ஏமாறுவது மிகுதி. வாய் ஒன்றாயிருப்பினும் உள்ளுறுப்பு வேறு. கைப்பேசிக்கு மின்னேற்றத் தரப்படும் வடங்கள் பலவற்றில் விரைவுத் தரவுக்குரிய கம்பி இணைகளே இரா. அவற்றின் உச்சம் நொடிக்கு 480 மெகாபிட். 50 ஜிகாபைட் திருமணக் காணொளியைப் படியெடுக்க, அவ்வழியே எவ்வளவு விரைந்தாலும் பதினான்கு நிமிடம் ஆகும். 10 ஜிகாபிட் வடத்தில், இரு முனைக் கருவிகளும் ஈடுகொடுத்தால், ஒரு நிமிடத்துக்குள் முடியக்கூடும். வடத்தின்மேல் விரைவெண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முறை.

இனி இவ்வூரின் ஆழத்தையே எண்ணுவோம். 1965-இல் தங்கவயலின் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடம் பதிவாயிற்று. நியான் குழல்களின் ஒளிர்வைப் படமெடுத்து அறிஞர்கள் அதனைக் கண்டனர். உலக இயற்பியலில் இவ்வூருக்கு நிலைத்த இடம் தந்த நிகழ்வு அது. அவ்வாழத்திலிருந்து தரவை மேலே கொணர முறுக்கிணைச் செம்பு வடத்தை நம்பினால், நூறு மீட்டருக்கு ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட இடைநிலைக் கருவிகள் வேண்டும். ஒற்றைமுறை ஒளியிழையிலோ, 1550 நானோமீட்டர் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு இடையில் எக்கருவியும் இன்றியே மேலே வந்து சேரும்.

வீட்டுக்குச் செம்பு வடமே போதும். அது முழுச் செம்பாக இருத்தல் வேண்டும். விலை குறைந்தவற்றுள் செம்பு பூசிய அலுமினியக் கம்பிகள் உண்டு. அவற்றின் மின்தடை மிகுதி. காவல் கேமராவுக்கு மின்னையும் தரவையும் ஒரே வடத்தில் அனுப்பினால் கூடுதலாய்ச் சூடேறும். நுனியைக் கத்தியால் சுரண்டுகையில் உள்ளே வெண்மை தெரிந்தால் அவ்வடத்தை வாங்கலாகாது.