ஹெட்டைக் கழற்றுமுன் ஒரு கேள்வி



"ஹெட் கேஸ்கெட் போச்சு. என்ஜினை இறக்கித்தான் ஆகணும்." ஒர்க் ஷாப்பில் இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பழைய ஆம்னி வேன்தான் எங்கள் வீட்டுச் சோறு. ஒரு வாரம் வண்டி நின்றால் டிரிப் வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. ஐ.சி. என்ஜின் பாடத்தில் படம் வரைந்து மார்க் வாங்கியவன், அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அப்பா, எப்ப சூடாகுது?"

"ரயில்வே கேட்ல நிக்கும்போதுதான்டா. கேட்டைத் தாண்டி ஓட ஆரம்பிச்சா முள்ளு தானா இறங்கிடுது."

பாதி விடை இதிலேயே இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. ஆகவே நின்றால் மட்டும் சூடாகிறதென்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள். மாறாக, நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் இப்படி.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன், ஃபேன் சுற்றியது. மோட்டார் தப்பித்தது. அடுத்து, தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைப் போடும் டெம்பரேச்சர் சுவிட்சின் வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்தேன். உடனே ஃபேன் ஓடியது. ஆக, செத்திருந்தது சுவிட்ச்! ஹெட் வேலைக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத சாமான்.

சரி, கேஸ்கெட் என்று ஏன் சொன்னார்கள்? ரேடியேட்டரில் குமிழி வந்ததாம். இங்கேதான் ஆம்னியின் அமைப்பு நினைவிருக்க வேண்டும். 796 சி.சி., 3 சிலிண்டர் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில். ரேடியேட்டரோ வண்டியின் முகப்பில். நடுவே நீளமான ஹோஸ்கள். அவசரமாகத் தண்ணீர் ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, மெதுவாக ஊற்றி, என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, குறையக் குறைய நிரப்ப வேண்டும். சிக்கிய காற்று சிறிது நேரம் குமிழியாக வந்து நின்றுவிடும். கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டர் வாயு உள்ளே புகுவதால் குமிழி நிற்கவே நிற்காது. ஆயில் பால் கலந்த மாதிரி ஆகலாம், சைலன்சரில் வெள்ளைப் புகை வரலாம். எங்கள் வண்டியில் டிப்ஸ்டிக் சுத்தம், புகை இல்லை, பத்து நிமிடத்தில் குமிழியும் நின்றது.

ஒரு எச்சரிக்கை. சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். 0.9 கிலோ அழுத்த மூடி உள்ளே தண்ணீர் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் காக்கிறது. திறந்த கணமே அழுத்தம் போய், கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் நைந்திருந்தாலும் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், மறக்காமல் பாருங்கள்.

இத்தோடு முடியவில்லை. தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்தால் உள்ளே காலி! "வெயில் ஊருக்கு இது எதுக்கு?" என்று யாரோ எப்போதோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இது ஒரு பெரிய வைத்தியம். இது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். புதிதாக வாங்கியதை நூலில் கட்டி, அம்மாவின் ரசப் பாத்திரத்தில் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்கினேன். லேபிலிருந்து இரவல் வாங்கிய தெர்மாமீட்டர் 82 டிகிரியை நெருங்கியதும் வால்வு மெல்லத் திறந்தது. (பாத்திரத்துக்குப் புளி போட்டுத் தேய்த்தது நான்தான்.)

வடித்த தண்ணீர் துரு நிறம், கூடவே வெள்ளைப் படிவு. எல்லாம் போர் தண்ணீரின் கைங்கரியம். நன்றாக அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றினோம்.

திங்கட்கிழமை காலை கேட் போட்டிருந்தது. அப்பா என்ஜினை அணைக்காமலே நின்றார். இரண்டு கூட்ஸ் வண்டி போயிற்று. ஃபேன் இரண்டு முறை சுற்றி நின்றது. முள் பாதியைத் தாண்டவில்லை.